'பேராசை' என்று சொல்லித் தப்பிக்காதீர்கள்

வீட்டிலிருந்தே வேலை என்று நம்பிப் பணத்தைப் பறிகொடுத்தவர் காவல் நிலையப் படியேறினால், காதில் விழும் முதல் வார்த்தை என்ன? "நீங்களாத்தானே அனுப்புனீங்க? ஆசைப்பட்டா இப்படித்தான்." விழிப்புணர்வுப் பிரசாரத்திலும் அதே பல்லவிதான்: பேராசை பெருநஷ்டம். இந்தப் பேச்சை இனியாவது நிறுத்த வேண்டும். கைக்குழந்தையை விட்டுவிட்டு வெளியே போக வழியில்லாமல், மாதம் எட்டாயிரம் வந்தால் வீட்டு வாடகைக்காவது ஆகுமே என்று நினைக்கும் பெண்ணைப் பேராசைக்காரி என்பது அநியாயம்.

வலை எப்படி விரிகிறது என்று பாருங்கள். வாட்ஸப்பில் ஒரு செய்தி வருகிறது. கூகுள் மேப்பில் ஓட்டலுக்கு ஐந்து நட்சத்திரம் போட வேண்டும், ஒன்றுக்கு 50 ரூபாய். மூன்று போட்டதும் 150 ரூபாய் உண்மையாகவே கணக்கில் ஏறிவிடுகிறது. தூண்டில் புழு அந்த 150 ரூபாய்தான். அடுத்து டெலிகிராம் குழுவில் சேர்க்கிறார்கள். அங்கே 'ப்ரீபெய்டு டாஸ்க்': 1,000 கட்டினால் 1,300. அதுவும் வருகிறது. குழுவில் ஆளாளுக்குப் பணம் வந்த ஸ்கிரீன்ஷாட்டைப் போடுகிறார்கள். போடுகிறவர்கள் எல்லாம் மோசடிக் கும்பலின் ஆட்கள். பிறகு 5,000, 20,000, 50,000. திரையில் இருப்பு லட்சத்தைத் தாண்டும், கைக்கு மட்டும் வராது. எடுக்கப் போனால் வரி கட்டு என்பார்கள், கிரெடிட் ஸ்கோர் குறைந்துவிட்டது என்பார்கள். "மேடம், நீங்க தப்பா கிளிக் பண்ணதால குரூப்ல நாலு பேர் பணமும் மாட்டிக்கிச்சு" என்று ஒரு செய்தி வரும். தாலிச் சங்கிலி அடகுக் கடைக்குப் போவது அப்போதுதான். தன்னால் பிறருக்கு நஷ்டம் வந்துவிட்டதே என்ற பதைப்பில் கட்டும் பணத்துக்குப் பேராசை என்றா பெயர்?

இதில் உடனே கண்டுகொள்ளக்கூடிய அடையாளம் ஒன்று உண்டு. பணம் போடச் சொல்லும் கணக்கு மாறிக்கொண்டே இருக்கும். இன்று ஏதோ ஒரு வெல்டிங் பட்டறையின் பெயர், நாளை வேறு மாநிலத்துக் காய்கறி வியாபாரியின் பெயர். சம்பளம் தருகிறவர் எதற்காக முன்பின் தெரியாத கடைக்காரர் கணக்கில் காசு போடச் சொல்கிறார் என்று தோன்றிய இடத்திலேயே நிறுத்திவிடுங்கள். பென்சில் பேக்கிங் வேலை என்று சொல்லிப் பதிவுக் கட்டணம், அடையாள அட்டைக் கட்டணம், கூரியர் கட்டணம் என்று கறப்பதும் இதே ரகம்தான். டேட்டா என்ட்ரி வேலை கொடுத்து, பிழை மிகுந்துவிட்டது என்று சொல்லிப் போலி வக்கீல் நோட்டீஸ் அனுப்பி மிரட்டுகிறவர்களும் உண்டு. பயந்துபோய் ஒரு பைசாகூடக் கட்டாதீர்கள்.

மக்கள் ஜாக்கிரதையாக இருக்கட்டும். ஆனால் அந்த வெல்டிங் பட்டறைக் கணக்கைத் திறந்து கொடுத்தது யார்? வங்கி. சில ஆயிரத்துக்குக் கணக்கை வாடகைக்கு விடுகிறவர்கள் இருப்பது வங்கிகளுக்குத் தெரியாத ரகசியமல்ல. நேற்றுவரை ஆயிரம் ரூபாய் தாண்டாத கணக்கில் ஒரே பகலில் பல லட்சம் வந்து, வந்த வேகத்திலேயே வெளியேறினால் மணி அடிக்க வேண்டாமா? இத்தகைய கணக்குகளைக் கண்டுபிடிக்க 'மியூல்ஹன்டர்' என்ற கருவி உருவாகியிருப்பதாக ரிசர்வ் வங்கியே 2024 டிசம்பரில் அறிவித்தது. ஆனாலும் இழப்பு பெரும்பாலும் ஏமாந்தவர் தலையில்தான் விழுகிறது. வாடிக்கையாளரின் பொறுப்புக்கு வரம்பு கட்டும் ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கை, அவருக்குத் தெரியாமல் நடந்த பரிவர்த்தனைக்குத்தான் பொருந்தும். ஏமாந்து தன் கையால் அனுப்பியவருக்கு அதில் இடமில்லை. பிரிட்டனில் 2024 அக்டோபர் முதல், இப்படி ஏமாந்து அனுப்பிய பணத்தை 85,000 பவுண்டு வரை, பணம் அனுப்பிய வங்கியும் பெற்ற வங்கியும் சரிபாதியாகத் திருப்பித் தர வேண்டும் என்று விதி வந்துவிட்டது. இங்கே ஏன் வரக்கூடாது?

சமூக ஊடக நிறுவனங்களின் பொறுப்பின்மை இதைவிட மோசம். காசு வாங்கிக்கொண்டு போலி வேலை விளம்பரத்தை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, நாங்கள் வெறும் மேடைதான் என்று கைகழுவுகிறார்கள். 2023 டிசம்பரில் நூற்றுக்கும் மேற்பட்ட மோசடி இணையதளங்களை மத்திய அரசு முடக்கியது. ஒன்றை முடக்கினால் மறுநாளே வேறு பெயரில் முளைக்கிறது. விளம்பரம் தருகிறவர் யார் என்று சரிபார்க்காத நிறுவனத்துக்கு அபராதம் போடாதவரை இது ஓயாது. வரி விளம்பரப் பகுதியில் 'பதிவுக் கட்டணம் உண்டு' என்று அச்சிடும் பத்திரிகைகளும் இந்தக் கண்டனத்துக்கு உரியவையே. அந்தக் காசு பத்திரிகையாளர்களான நமக்கு வேண்டாம்.

காவல் துறைக்கு ஒன்று. சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணில் முதல் ஓரிரு மணி நேரத்துக்குள் புகார் பதிவானால்தான் பணத்தைப் பாதி வழியிலாவது மறிக்க முடியும். அந்த நேரத்தில் "சைபர் கிரைமுக்குப் போங்க" என்று அலையவிடுவதும், எஃப்.ஐ.ஆர். போடாமல் சி.எஸ்.ஆர். ரசீதைக் கையில் திணித்து அனுப்புவதும் மோசடிக்காரனுக்குச் செய்யும் உபகாரம். குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் புகாரைப் பதிவு செய்யலாம் என்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவு. ஒவ்வொரு காவல் நிலையத்திலும் புகார்தாரரை உட்காரவைத்து, அவர் முன்னிலையிலேயே 1930-க்குப் பேசி, கணக்கை முடக்கச் சொல்லிவிட்டு, எஃப்.ஐ.ஆர். நகலைக் கையில் கொடுத்து அனுப்ப வேண்டும். டி.ஜி.பி. இதை எழுத்துப்பூர்வமான உத்தரவாகவே பிறப்பிக்க வேண்டும்.