ஓரத்தில் ஒரு விரல் துணி

பாலையூற்று லூர்து மாதா கோயிலில் பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்றால், வெள்ளை உடுப்பை நாங்கள் இப்ப கடையில்தான் வாங்குகிறோம். ஒருநாள் போட்டு, படம் எடுத்து, அலுமாரிக்குள் வைத்துவிடுகிறோம். "அம்மம்மா காலத்துச் சட்டை எங்கட வீட்டில இல்லையே" என்பீர்கள். உண்மைதான். 1990 இடப்பெயர்விலும் 2004 சுனாமியிலும் வீட்டையே இழந்த திருகோணமலைச் சனம் சட்டையை எப்படிக் காப்பாற்றும்? அதனால்தான் சொல்கிறோம்: பரம்பரைச் சட்டை நாங்கள் தைக்கிறதில இருந்து தொடங்கட்டும்.

சாமுவேலின் தாய் அன்னா வருசா வருசம் சின்ன மேலாடை ஒன்று செய்து கொண்டுபோய்க் கொடுத்தாள். கோயிலில் விட்ட பிள்ளை இப்ப எவ்வளவு வளர்ந்திருப்பான் என்று நினைத்து நினைத்துத்தானே அளவெடுத்திருப்பாள்? அந்த நினைப்பும் செபம்தான். யோப்பாவில் தபித்தா இறந்தபோது, கைம்பெண்கள் அழுதுகொண்டு பேதுருவுக்குக் காட்டியதும் அவள் செய்து கொடுத்த உடுப்புகளைத்தான்.

மெல்லிய பருத்தித் துணி போதும். ஓரத்தில் ஒரு விரலளவை வெட்டாமல் உள்ளே மடித்துத் தைப்போம். அடுத்த பிள்ளை கொஞ்சம் கொழுகொழுவென்று இருந்தால் பிரித்துவிடலாம். உள்பக்கம் பெயரையும் திகதியையும் நூலால் போடுவோம். கீழே, இனிப் பிறக்கப்போகிற பிள்ளைகளின் பெயருக்கும் இடம் விடுவோம்.