இல்ல அலங்காரம் போதும், பிள்ளைக்குச் சப்பாத்து வேண்டும்



கண்டி திரித்துவக் கல்லூரியில் படித்த டங்கன் வைட், 1948 லண்டன் ஒலிம்பிக்கில் 400 மீற்றர் தடைதாண்டலில் வெள்ளி வென்றார். இலங்கையின் அடுத்த ஒலிம்பிக் பதக்கம் 2000இல் ஓட்ட வீராங்கனை சுசந்திகாவால்தான் வந்தது. இடையில் 52 ஆண்டுகள். திறமை இல்லாமலா போனது?

கண்டியின் பெரிய கல்லூரிகளுக்குப் பழைய மாணவர் சங்கங்கள் துணை நிற்கின்றன. 1945 முதல் நடக்கும் பிராட்பி கேடய றக்பி போட்டிக்கு அனுசரணையாளர்களும் முன்வருகிறார்கள். அதில் எனக்குப் பொறாமை இல்லை. ஆனால் கலஹா, தெல்தோட்டைப் பக்கத் தோட்டப் பாடசாலைகளுக்கு யார் இருக்கிறார்கள்? அங்கே பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் சந்தாவே தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளத்திலிருந்துதான் வருகிறது.

அந்தச் சொற்பப் பணமும் எங்கே போகிறது? இல்ல விளையாட்டுப் போட்டிக்குத் தென்னோலைப் பந்தல், வர்ணக் கடதாசி, பாண்ட் வாத்தியம், விருந்தினருக்கு மாலை, வெற்றிக் கிண்ணங்கள். மாலையானதும் அலங்காரத்தைப் பிரித்துப் போடுகிறார்கள். அன்று முதலிடம் பெற்ற பிள்ளை வலயமட்டப் போட்டிக்கு வெறுங்காலுடன் போகிறது. மாகாண மட்டத்துக்குத் தெரிவானால் பஸ் காசும் சாப்பாடும் பொறுப்பாசிரியரின் சட்டைப் பையிலிருந்து.

அதிபர்களே, விளையாட்டுக் கணக்கைப் பெற்றோர் கூட்டத்தில் வாசியுங்கள். முதல் செலவு பிள்ளையின் சப்பாத்தும் பயணமுமாக இருக்கட்டும். மத்திய மாகாணக் கல்வித் திணைக்களம், மாகாண மட்டத்துக்குத் தெரிவாகும் தோட்டப் பிள்ளைகளின் போக்குவரத்துச் செலவை இந்த ஆண்டிலிருந்தாவது முழுமையாக ஏற்க வேண்டும்.

பெற்றோர் ஒருவர்,
கலஹா.