ஐந்தாற்று நாட்டின் அரிச்சுவடி

பஞ்சாபில் பஞ்சாபி கற்பிக்க ஒரு சட்டமும் வேண்டுமோ என்று நகைப்பார் உளர். வேண்டியே இருந்தது. 1966-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மொழி பற்றி எல்லை வகுக்கப்பெற்ற அம்மாநிலத்தில், முதல் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை பஞ்சாபி கட்டாயப் பாடம் என 2008-இல் விதித்தனர். மீறும் பள்ளிகளுக்குரிய தண்டத்தை 2021-இல் இரண்டு இலட்சம் ரூபாய் வரை உயர்த்தினர். தாய்மொழியைத் தண்டத்தால் காக்க நேர்ந்ததே என்று வருந்துவதா, இவ்வளவேனும் செய்தார்களே என்று மகிழ்வதா? யான் மகிழ்வோர் பக்கம் நிற்கின்றேன். எனினும் தனியார் பள்ளிகளிற் பெரும்பாலும் காணப்படுவது போல அதனை ஒரு தனிப் பாடமாக வைத்துவிடுதல் போதாது. தொடக்கப் பள்ளியிற் கணக்கும் பிறவும் அம்மொழியிலேயே கற்பிக்கப்படுதல் வேண்டும் என்பது என் துணிபு.

குருமுகி எழுத்துக்கள் பழைய கணக்கில் 35. ஆதலின் நெடுங்கணக்கிற்கே முப்பத்தைந்து எனப் பொருள்படும் 'பைந்தி' என்பது பெயராயிற்று. சீக்கியரின் இரண்டாம் குருவாகிய அங்கதர் பதினாறாம் நூற்றாண்டில் இதனைச் செப்பம் செய்தார். ஊடா, ஐடா, ஈடி என்னும் உயிர் தாங்கும் மூன்றெழுத்தும் சஸ்ஸா, ஹாஹா என்பனவும் முதல் வரிசை. பின்னர்க் ககர வரிசை தொடங்கி ஐந்தைந்தாக அடுக்கிச் செல்லும். பாலர் கூடி ஓதுதற்கு மிக இசைந்த முறை.

எழுத்து எளிது, ஓசையே அரிது. நாம் 'கோடா' என்று எழுதக்கூடிய ஒலித்தொடரைப் பஞ்சாபியர் மூன்று குரலிற் சொல்வர். குரல் சமமாக நின்றால் சாட்டை, தாழ்ந்தால் குதிரை, உயர்ந்தால் தொழுநோயாளன். குதிரைக்கு ஏட்டில் இடுவது ககர வரிசையின் நான்காம் எழுத்து. வாயில் வருவதோ முதலெழுத்தின் ஒலி, தாழ்ந்த குரலோடு. அயலான் குதிரை கேட்டு யாரைப் பெறுவானோ! ஐந்தாண்டுக் குழந்தைக்கு அவ்விடர் இல்லை. 'கல்', 'தங்கம்', 'அகம்' என்னும் மூன்றிடத்தும் நம் ககரம் மூன்று விதமாய் ஒலித்தலை நமக்கு எவர் கற்பித்தார்? இச்செவிச் செல்வத்தோடு வரும் பாலனை, அதனை வாயிலில் இறக்கிவிட்டு உள்ளே வா என்று பணித்தல் என்ன முறை?

அதன் விளைவைக் காண விரும்புவோர் லாகூரை நோக்குக. பஞ்சாபி பேசுவோரில் மிகுதியானவர் வாழ்வது பாகிஸ்தானில். ஆங்கிலேயர் 1849-இல் பஞ்சாபைக் கைப்பற்றிய சில ஆண்டுகளுக்குள் அலுவலகத்திலும் பள்ளியிலும் உருதுவை அமர்த்தினர். 1947-க்குப் பின்னும் அவ்வழக்கம் நீடித்தது. அங்கே பல்கலைக்கழகத்திற் பஞ்சாபி பயின்று முதுகலைப் பட்டம் பெறலாம். அரிச்சுவடியிலோ நெடுங்காலம் அதற்கு இடமில்லை. வேரை விட்டுக் கிளைக்கு நீர் வார்த்த கதை இது. கற்ற பெற்றோர் பலர் தம் மக்களோடு வீட்டிலும் உருதுவே பேசலாயினர். ஆட்சியாளர் உருதுவை அமர்த்திய அந்நாட்களிலேதான், 1854-இல், லுதியானாவின் மிஷன் அச்சகத்திலிருந்து பஞ்சாபி அகராதி ஒன்று வெளிவந்தது என்பதை மிஷன் கல்லூரியாராகிய நாம் நினைவிற் கொள்ளலாம்.

கனடா செல்லும் பிள்ளைக்குப் பைந்தி எதற்கு என்பர். அப்பெற்றோரை யான் குறை கூறேன். நிலம் சுருங்கிக் கடன் பெருகிய உழவன் வேறு யாது செய்வான்? ஆயினும், எழுத்து ஒலியின் வடிவம் என்னும் அறிவு ஒரு மொழியில் ஒருமுறை உதித்தாற் போதும். அடுத்த மொழிக்கு அது கூடவே வரும். பொருள் விளங்காத சொற்களைக் கொண்டு அவ்வறிவை ஊட்டப் புகுவதே காலக்கேடு.

யான் பயின்ற தொடக்கப் பள்ளியில் தமிழ் பேசினால் ஒரு ரூபாய் தண்டம். ஒருநாள் விளையாட்டில் விழுந்து முழங்கால் கிழிந்து 'அம்மா!' என்று அலறினேன். அது தமிழாகுமா என்று வகுப்புத் தலைவன் நெடுநேரம் யோசித்து, இறுதியில் என் பெயரை எழுதிக்கொண்டான். பஞ்சாபிலும் சில பள்ளிகளில் இத்தகைய தடை உண்டென்று முறையீடுகள் எழுந்தமை அறிந்தபோது அம்முழங்கால் மீண்டும் வலித்தது.

ஆகவே தண்டத்தினும் முதன்மையாக வேண்டப்படுபவர் உபாத்தியாயர். நூல் வழக்கு மாஜி வட்டாரப் பேச்சைத் தழுவியது. மால்வாப் பகுதிப் பாலன் தன் ஊர்ச் சொல்லைக் கூறினால், பிழையென்று அடித்துவிடாமல், அச்சொல்லையும் நூற்சொல்லையும் கரும்பலகையில் அருகருகே எழுதிக் காட்டுவோர் எத்தனைபேர் கிடைப்பர்?