இரு தீவுகளும் ஒரு வீரனும்

சென்ற மாதம் நம் சங்கத்துக் குடும்பமொன்றைச் சேர்ந்த அம்மையார் ஒருவர் ஒரு வேண்டுகோளுடன் நம்மிடம் வந்தார். பட்டப்படிப்பை முடித்த அவர்தம் ஒரே மகன், சென்னையிலுள்ள இராணுவ அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தில் சேர விண்ணப்பம் அனுப்பப் போவதாகச் சொல்லுகிறானாம். "மாதந்தோறும் பத்திரிகையில் எழுதுகிறீர்களே, அண்ணா! பட்டாளத்துக்குப் போக வேண்டாமென்று அவன் மனத்தில் படும்படி நாலு வரி எழுதுங்கள். நான் சொன்னால் கேட்க மாட்டான்" என்றார். எழுதுகிறோம் என்று வாக்களித்துவிட்டோம். எழுத உட்கார்ந்த பின்னரே அந்த நாலு வரி எத்துணைக் கடினமானவை என்பது புலனாயிற்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளையை உடன் அழைத்துக்கொண்டு, காவிரிக் கரையிலுள்ள பழைய கல்லறைத் தோட்டத்துக்குச் சென்றோம். "அம்மா சொல்லித்தானே அழைத்து வந்தீர்கள், மாமா?" என்று சிரித்தான். மறைக்க விரும்பாமல் ஆம் என்றோம்.

நம் ஸ்ரீரங்கப்பட்டணம் போரின் ஊர். 1799ஆம் ஆண்டு மே மாதம் 4ஆம் நாள் நடுப்பகலில் ஆங்கிலேயப் படை காவிரியைக் கடந்து கோட்டையில் ஏறியது. அன்றே திப்பு சுல்தான் போரிட்டு மடிந்தார். அதன் பின்னர் இங்குத் தங்கிய படைகளுள் சுவிட்சர்லாந்து நாட்டு நூஷாடெல் பகுதியைச் சேர்ந்த தெ மெரோன் என்பார் திரட்டிய பட்டாளமும் ஒன்று. அப்பட்டாளத்தாரும் அவர்தம் மனைவி மக்களும் உறங்கும் இடமே இத்தோட்டம். கேட்பாரற்றுக் கிடந்த இக்கல்லறைகளை, இருநூறு ஆண்டுகள் கழித்து அந்தத் தெ மெரோன் குடும்பத்தின் வழித்தோன்றல்களே கடல் கடந்து வந்து முன்னின்று செப்பனிடச் செய்தனர். குடும்பத்தின் நினைவு அத்துணை நீளமானது.

பிள்ளை கல்வெட்டுகளைப் படித்துக்கொண்டே நடந்தவன் திடீரென நின்றான். "இவர்களுக்குக் கல் இருக்கிறது, மாமா. மதராஸ் பட்டாளத்துச் சிப்பாய்களுக்கு எங்கே இருக்கிறது?" என்று கேட்டான்.

நமக்கு விடை கூற இயலவில்லை. கோட்டையை முற்றுகையிட்ட படையில் பெரும் பகுதியினர் சென்னை மாகாணத்திலிருந்து வந்த இந்தியச் சிப்பாய்களே. கோயமுத்தூர்ச் சீமையோ அன்று மைசூர் ஆட்சியில் இருந்தது. ஆதலின் மதிலுக்கு வெளியேயும் உள்ளேயும் தமிழர் இருந்திருத்தல் கூடும். அவர்களுள் மாண்டவன் எவன், அவனைப் பெற்றவள் எந்த ஊராள், அவளுக்குச் செய்தி போய்ச் சேர்ந்ததா என்பதைச் சொல்லும் கல்லொன்றையும் நாம் இத்தீவில் கண்டதில்லை.

அப்போதுதான் பிள்ளை மேஜர் சரவணனின் பெயரைச் சொன்னான். அவனுக்கு இந்த ஆசையை ஊட்டியது அவ்வீரரின் வரலாறே என்பது அன்றுதான் நமக்குத் தெரிந்தது.

மாரியப்பன் சரவணன் 1972ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் இராமேசுவரத்தில் பிறந்தவர். தந்தையாரும் இராணுவத்தில் லெப்டினென்ட் கர்னலாக விளங்கியவர். ஆகவே பட்டாளத்து வாழ்வின் இடமாற்றங்களும் பிரிவுகளும் அவ்வீட்டுக்குப் புதியவை அல்ல. அக்குடும்பத்தின் ஊராக அமைந்தது திருச்சிராப்பள்ளி. சரவணன் சென்னைப் பயிற்சிக் கழகத்தில் பயின்று, 1995இல் பீகார் ரெஜிமென்டின் முதல் பட்டாலியனில் அதிகாரியானார். தமிழ்நாட்டுப் பிள்ளை, பீகார்ப் பெயர் தாங்கிய படை, போர்க்களமோ காசுமீரத்தின் வட எல்லை! பிழைப்பின் பொருட்டு ஊர் விட்டு ஊர் வந்த நம் போன்றோர்க்கு அந்நிலை நன்கு விளங்கும்.

1999ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில், கார்கிலை அடுத்த படாலிக் மலைகளில் அயலார் ஊடுருவியிருப்பதை ஆடு மேய்ப்போர் கண்டு சொன்னார்கள். பகைவர் எத்தனை பேர், எவ்வளவு ஆயுதம் கொண்டுள்ளனர் என்பது அத்தொடக்க நாட்களில் எவர்க்கும் முழுதாகத் தெரியாது. அந்த நிலையில், பதினாலாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில் பகைவர் அரண் அமைத்திருந்த ஜுபார் பகுதியைக் கைப்பற்றும் பணி சரவணனிடம் ஒப்படைக்கப்பட்டது. மே 29ஆம் நாள் வைகறை இருளில் அவர் தம் வீரர்களுடன் ஏறினார். மேலிருந்து குண்டுமாரி பொழிந்தது. ராக்கெட் லாஞ்சரைக் கையிலேந்தி அரணைத் தாக்கிப் பகைவர் இருவரை வீழ்த்தினார். காயமுற்ற பின்னரும் திரும்பாமல் முன்னேறியவர், அங்கேயே வீழ்ந்தார். அதே தாக்குதலில் அவர் படையைச் சேர்ந்த நாயக் கணேஷ் பிரசாத் யாதவும் உயிர் நீத்தார். சரவணனுக்கு அப்போது இருபத்தாறு வயது. அரசாங்கம் இருவர்க்கும் வீர் சக்கர விருது அளித்துச் சிறப்பித்தது.

இதுவரை பிள்ளையும் அறிந்திருந்தான். இதற்குப் பின்னுள்ளதை நாம் சொன்னோம்.

சரவணனின் உடல் உடனே கிடைக்கவில்லை. இரு தரப்புத் துப்பாக்கிகளுக்கும் இடைப்பட்ட பனிமலையில், ஒரு மாதத்துக்கும் மேலாக அது கிடந்தது. அதை மீட்டுக் கீழே கொண்டுவர இயன்றது ஜூலை மாதம் பிறந்த பின்னரே. அத்தனை நாளும் மகன் இறந்தான் என்று அறிந்தும், ஈமக்கடன் செய்ய வழியின்றி ஒரு வீடு காத்திருந்தது. வெற்றிச் செய்திகளில் அந்தக் காத்திருப்பு இடம்பெறுவதில்லை. இறுதியில் உடல் திருச்சிக்கு வந்தது. இராணுவ மரியாதையுடன் தகனம் நடைபெற்றது. ஊர் அவரைத் தன் பிள்ளையாக ஏற்றது. திருச்சி கண்டோன்மென்டில் இன்று அவருடைய நினைவுச் சின்னம் நிற்கிறது.

1962, 1965, 1971 ஆகிய ஆண்டுகளின் போர்களில் வீழ்ந்த வீரர்களைப் பெரும்பாலும் போர்முனைக்கு அருகிலேயே தகனம் செய்தனர். வீட்டுக்கு வந்தது தந்தியும், சில பொருள்களுமே. கார்கில் போரில்தான் வீரர்களின் உடல்கள் பெருமளவில் சொந்த ஊர்களுக்கு வந்து சேர்ந்தன. அப்போரில் நாம் இழந்த வீரர் 527 பேர் என்பது அரசாங்கக் கணக்கு. 527 பேர் என்றால் 527 வீடுகள் என்றே நாம் படிக்க வேண்டும்.

பிள்ளை நெடுநேரம் பேசவில்லை. ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். இங்கே ஆதிரங்கனைச் சுற்றித் தீவாக்கி ஓடும் அதே காவிரிதான், திருவரங்கத்தையும் தீவாக்கிக்கொண்டு திருச்சியைத் தொட்டு ஓடுகிறது. இத்தீவில் மாண்ட சிப்பாய்க்குப் பெயரில்லை. அத்தீவை அடுத்த ஊரின் மைந்தனுக்குப் பெயருண்டு. இருநூறு ஆண்டுகளில் நாடு அடைந்த மாறுதல்களுள் இதனையும் ஒன்றாகக் கொள்ளலாம். எனினும் பெற்றவளின் துயரில் மாறுதல் ஏதுமில்லை.

இக்கட்டுரையை அச்சுக்கு அனுப்புமுன் அந்த அம்மையாரிடம் படித்துக் காட்டினோம். வேண்டாமென்று நாம் எங்கும் எழுதவில்லையே என அவர் சினப்பாரென எதிர்பார்த்தோம். அவர் கேட்டது ஒன்றே: "அந்த ஒரு மாதம் அந்தத் தாய் எப்படிச் சோறு உண்டாள், அண்ணா?" நாம் தலைகுனிந்திருந்தோம்.

ஆகவே, கேட்கப்பட்ட நாலு வரியை இங்கே எழுதி முடிக்கின்றோம். தம்பி, போகாதே என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. எவரோ ஒருவர் வீட்டுப் பிள்ளை எல்லையில் நிற்பதனால்தான் நாம் இங்கு உறங்குகிறோம். போ என்று சொல்லவும் நமக்குத் துணிவில்லை. விலை கொடுப்பது உன் அன்னை. விண்ணப்பத்தை அனுப்புமுன் ஒரு மாலை அவருடன் அமர்ந்து, சரவணனின் வீரத்தோடு அந்த வீடு காத்திருந்த நாட்களையும் நீயே உன் வாயால் எடுத்துச் சொல். அதன் பின்னர் அவர் தரும் விடை எதுவாயினும், அதைக் கேட்டு நட.

ஏனைய அன்பர்களுக்கும் ஒரு விண்ணப்பம். விடுமுறைக்கு இரயிலேறித் திருச்சி செல்லுங்கால், அரங்கனைச் சேவித்துத் திரும்பும் வழியில் கண்டோன்மென்டில் ஒரு கணம் நின்று, குழந்தைகளுக்கு அந்தப் பெயரைப் படித்துக் காட்டுங்கள்.