நிக்கறதா, உக்கார்றதா, முட்டி போடறதா?

ரெண்டு வாரமா ஆணி ஜாஸ்தி. ஷிப்மென்ட் நெருங்கிட்டா பனியன் கம்பெனிக்காரனுக்கு வீட்டு நெனப்பே இருக்காது, இதுல பதிவு எங்க எழுதறது? ஆனா இதை எழுதாம விட்டா தூக்கம் வராது போலிருக்கு.

போன ஆகஸ்ட் 15. நான் வேலை பார்க்குற கம்பெனியில காலையில எட்டு மணிக்குக் கொடி ஏத்துனாங்க. செல்போனை ஸ்பீக்கர்ல மாட்டி ஜன கண மன போட்டாங்க. எல்லாரும் விறைப்பா நின்னோம். அயர்னிங்ல இருக்குற ஒடிசா பையன் ஒருத்தன் மட்டும் அட்டைப்பெட்டி மேல உக்காந்திருந்தான். முந்தின ராத்திரி விடிய விடிய நின்னுகிட்டே தேய்ச்சவன். பாட்டு முடிஞ்சதும் மேனேஜர் பிடிச்சார் பாருங்க ஒரு பிடி. "52 செகண்ட் நிக்க முடியலையா? நாட்டுப்பற்று இருக்குதாடா உனக்கு?" பையன் தலையைக் குனிஞ்சுகிட்டான். அப்புறம் ஆளுக்கொரு ஆரஞ்சு மிட்டாய். அதுக்கப்புறம் ஷட்டரைப் பாதி இறக்கிட்டு உள்ள வேலை ஆரம்பிச்சாச்சு!

ஆகஸ்ட் 15 தேசிய விடுமுறை. அன்னிக்கு வேலை வாங்குனா ரெட்டைச் சம்பளம் குடுக்கணும், இல்லேன்னா அன்னிக்குச் சம்பளமும் குடுத்து, பதிலுக்கு இன்னொரு நாள் சம்பளத்தோட லீவும் விடணும். தமிழ்நாட்டுல 1958லயே போட்ட சட்டம். எங்க கம்பெனியில ரெண்டும் கிடையாது. அந்தப் பையன் என்கிட்ட வந்து, "அண்ணா, இன்னிக்கு லீவுதானே?"ன்னு கேட்டான். நான் மிட்டாயை வாயில போட்டுகிட்டு நகர்ந்துட்டேன்.

சரி, இதுல யாருக்குங்க நாட்டுப்பற்று இல்லை? 52 செகண்ட் உக்காந்தவனுக்கா, நாட்டோட சட்டத்தை நாள் பூரா மிதிச்சவருக்கா, தெரிஞ்சும் வாயை மூடிகிட்ட எனக்கா?

அந்தப் பையன் அசதியில உக்காந்தான், போராட்டமெல்லாம் பண்ணலை. ஆனா தெரிஞ்சே தலை குனிஞ்சவங்களும் முட்டி போட்டவங்களும் விளையாட்டு உலகத்துல உண்டு. அவங்க கிட்டயும் இதே கேள்வியைத்தான் கேட்டாங்க.

1968 மெக்சிகோ ஒலிம்பிக். 200 மீட்டர்ல தங்கம் டாமி ஸ்மித், வெண்கலம் ஜான் கார்லோஸ். ரெண்டு பேரும் கறுப்பின அமெரிக்கர்கள். அவங்க நாட்டு கீதம் ஒலிக்கும்போது தலையைக் குனிஞ்சு, கறுப்புக் கையுறை போட்ட முஷ்டியை உயர்த்துனாங்க. கால்ல ஷூ இல்லை, அவங்க மக்களோட வறுமையைக் காட்ட வெறும் கறுப்பு சாக்ஸ். அணியை விட்டே அனுப்பிட்டாங்க. பக்கத்துல வெள்ளிப் பதக்கத்தோட நின்ன வெள்ளைக்கார ஆஸ்திரேலியர் பீட்டர் நார்மன், அவங்களுக்கு ஆதரவா சட்டையில ஒரு பேட்ஜ் குத்தியிருந்தார். 2006ல அவர் இறந்தப்போ ஸ்மித்தும் கார்லோஸும் ஆஸ்திரேலியா போய் சவப்பெட்டியைத் தோள்ல சுமந்தாங்க.

2016ல அமெரிக்கக் கால்பந்து வீரர் காலின் கேப்பர்னிக். கறுப்பின மக்கள் மேல போலீஸ் நடத்துற கொடுமையைக் கண்டிச்சு, கீதம் பாடும்போது முதல்ல பெஞ்சுல உக்காந்தார். ராணுவத்துல இருந்து வந்த நேட் பாயர்ங்கற விளையாட்டு வீரர் அவரைப் பார்த்துப் பேசுனார். உக்கார்றதுக்குப் பதிலா ஒரு முட்டி போடுங்க, செத்துப்போன தோழனோட கல்லறை முன்னாடி சிப்பாய் அப்படித்தான் மரியாதை செய்வான்னு யோசனை சொன்னார். நம்ம ஊர்ல முட்டி போடறதுன்னா வாத்தியார் குடுக்குற தண்டனை. கேப்பர்னிக்குக்கும் கடைசியில தண்டனைதான் கிடைச்சுது. 2017க்கு அப்புறம் எந்த அணியும் அவரை எடுக்கலை.

"அதெல்லாம் அமெரிக்காக்காரன் பிரச்சினை"ன்னு சொல்றவங்களுக்கு, 2023 டெல்லி. மல்யுத்த சம்மேளனத் தலைவரா இருந்த எம்.பி. பிரிஜ் பூஷண் சரண் சிங் மேல பாலியல் புகார் சொல்லி, சாக்‌ஷி மாலிக், வினேஷ் போகத், பஜ்ரங் புனியா எல்லாம் ஜந்தர் மந்தர்ல உக்காந்தாங்க. (அவர் மறுத்தார், விவகாரம் நீதிமன்றம் போச்சு.) மே 28, புது நாடாளுமன்றக் கட்டடத் திறப்பு விழா அன்னிக்கு அதை நோக்கி ஊர்வலம் போனவங்களை போலீஸ் தரதரன்னு இழுத்துச்சு. வினேஷ் ரோட்டுல கிடக்காங்க, கூடவே தேசியக்கொடியும் கிடக்குது. அந்தப் படம் இன்னும் கண்ணை விட்டுப் போகலை. ஜெயிச்சப்போ தோள்ல போர்த்திகிட்டு ஓடுன அதே கொடி! அன்னிக்கும் "நாட்டுக்குக் கெட்ட பேர் வாங்கித் தர்றாங்க"ன்னு சொன்னவங்க உண்டு. பதக்கத்தைக் கழுத்துல போட்டப்போ நாட்டோட பொண்ணு, நியாயம் கேட்டா நாட்டுக்கு விரோதியா?

திருப்பூர்க்காரன் இதைப் பார்த்துட்டு சும்மா போக முடியாதுங்க. ஸ்டேஷனை விட்டு வெளிய வந்தா குமரன் நினைவு மண்டபம், நடந்தா குமரன் ரோடு. 1932 ஜனவரி 10. தடையை மீறி ஊர்வலம். போலீஸ் தடியடியில மண்டை உடைஞ்சு, கொடியை விடாமலே குமரன் விழுந்தார். மறுநாள் உயிர் போச்சு. அப்போ வயசு 27. அன்னிய தேதிக்கு அரசாங்கத்தோட கீதம் எது? இங்கிலாந்து ராஜாவை வாழ்த்துற பாட்டு. அதுக்கு விறைப்பா நின்னவங்க பேர்ல இந்த ஊர்ல ஒரு சந்து கூட இல்லை. அடி வாங்குனவர் பேர்ல ரோடு இருக்கு.

"அது வெள்ளைக்காரன் ஆட்சி, இது நம்ம ஆட்சி, ரெண்டும் ஒண்ணா?"ன்னு கேப்பீங்க. ஒண்ணு இல்லைதான். அதனாலதான் சொல்றேன். நம்ம வீடுங்கறதாலதான் ஒழுகுற கூரையைப் பத்திப் பேச முடியும். வாடகை வீடுன்னா காலி பண்ணிட்டுப் போயிருக்கலாமே?

இன்னொரு கேள்வி நியாயமானது. கீதம் அரசாங்கத்தோட சொத்தில்லை, எல்லைக்குப் பிள்ளையை அனுப்புன அம்மாவுக்கும் அதுதான் கீதம். அந்த நேரத்துல எதுக்குப் போராட்டம்? உண்மைதாங்க. நான் நிப்பேன், என் பையனையும் நிக்கச் சொல்வேன். ஆனா நிக்காதவனை அடிக்க எனக்கு உரிமை குடுத்தது யாரு? 1985ல கேரளாவுல மூணு பிள்ளைங்க, கீதத்துக்கு மரியாதையா எழுந்து நின்னாங்க, மத நம்பிக்கையால பாடலை. ஸ்கூலை விட்டு நீக்கிட்டாங்க. 1986ல உச்ச நீதிமன்றம் திரும்பச் சேர்த்துக்கச் சொல்லுச்சு. சகிப்புத்தன்மைதான் நம்ம மரபுன்னு தீர்ப்புலயே எழுதுச்சு.

அதே நீதிமன்றம்தான் 2016 நவம்பர்ல தியேட்டர்ல கீதம் கட்டாயம், எல்லாரும் நிக்கணும்னு சொல்லிட்டு, 2018 ஜனவரியில கட்டாயமில்லைன்னு மாத்துச்சு. நடுவுல 2017ல நீதிபதி சந்திரசூட் கிண்டலா கேட்டார்: அடுத்து, டி-ஷர்ட், ஷார்ட்ஸ் போட்டுகிட்டு தியேட்டருக்கு வந்தா கீதத்துக்கு அவமரியாதைன்னு சொல்வீங்களா? அப்படி ஒரு தடை வந்தா எங்க ஊர் கதி என்னாகுறது சாமீ! :-)

இப்போ நம்ம பக்கம் கொஞ்சம் திரும்புவோம். தியேட்டர் விஷயத்துல "கட்டாயப்படுத்தாதே"ன்னு பொங்குன நண்பர்கள்ல பல பேர், 2018ல காஞ்சி விஜயேந்திரர் தமிழ்த்தாய் வாழ்த்துக்கு உக்காந்தப்போவும், 2022 குடியரசு தினத்துல சென்னை ரிசர்வ் வங்கி அதிகாரிகள் எழுந்திருக்காதப்போவும் ருத்ரதாண்டவம் ஆடுனாங்க. பொய் சொல்லக்கூடாது, நானும்தான் ஆடுனேன். அவங்க உக்காந்தது எனக்கு இன்னும் வலிக்குது. என் மொழிக்கு எழுந்திருக்க மாட்டியான்னு கோவம் வருது. ஆனா கோவப்படறது வேற, ஆளை எழுப்பி நிறுத்தறது வேற. அந்தப் பாட்டுக்கு ஒரு நியாயம், இந்தப் பாட்டுக்கு ஒரு நியாயம்னு வெச்சுகிட்டா அப்புறம் அந்த மேனேஜருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

நான் சொல்ல வர்றது இவ்ளோதான். பாட்டுக்கு எழுந்து நிக்கறது ரொம்ப சுலபமான நாட்டுப்பற்று. செலவே இல்லை. கையில இருக்குறதை இழக்கத் துணிஞ்சு "இது தப்பு"ன்னு சொல்றதுதான் கஷ்டமானது. சாக்‌ஷி மாலிக் 2023 டிசம்பர்ல ஷூவைக் கழட்டி மேஜை மேல வெச்சுட்டு மல்யுத்தத்தையே விட்டுட்டுப் போனாங்க. நான் ஒரு ஆரஞ்சு மிட்டாயைக் கூட விடலை.

அடுத்த ஆகஸ்ட் 15க்கு கொடி ஏத்தி முடிச்சதும், ஷட்டரை இறக்கறதுக்கு முன்னாடி, "சார், ரெட்டைச் சம்பளம் உண்டுங்களா?"ன்னு எல்லார் முன்னாடியும் கேக்கலாம்னு இருக்கேன். இப்பவே வயித்தைக் கலக்குது. பாக்கலாம்.

நீங்க என்ன சொல்றீங்க? திட்டறதா இருந்தாலும் காரணத்தோட திட்டுங்க மக்கா.

டிஸ்கி: கம்பெனி பேரு என்னன்னு யாரும் கேட்டுடாதீங்க. வீட்டு லோன் இன்னும் பாக்கி இருக்கு.