மருந்தோடு உணவும்

காசநோயை ஏழைகளின் நோய் என்பார்கள். பசிக்கும் இந்த நோய்க்கும் உள்ள உறவு எவ்வளவு நெருக்கமானது என்பதை ஜார்க்கண்டில் நடைபெற்ற ஓர் ஆய்வு கணக்கிட்டே காட்டிவிட்டது. மங்களூர் யெனபோயா மருத்துவக் கல்லூரி டாக்டர்களும், சென்னை தேசிய காசநோய் ஆராய்ச்சி நிலையத்தாரும் சேர்ந்து நடத்திய இந்த ஆய்வு 2019ல் தொடங்கியது. முடிவுகள் 2023 ஆகஸ்டில் வெளியாயின.

நுரையீரல் காசநோயாளிகள் 2,800 பேருக்கு மருந்துடன் மாதம் 10 கிலோ உணவுப் பொருள்கள் வழங்கப்பட்டன. அவர்களது வீட்டார் 10,345 பேர். இவர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும், பெரியவர்களானால் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் கொடுக்கப்பட்டன. உணவு பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காசநோய் காண்பது 39 சதவீதம் குறைந்தது. பிறருக்குத் தொற்றும் நுரையீரல் காசநோய் ஏறத்தாழப் பாதியாயிற்று. நோயாளிகளிலும், முதல் இரண்டு மாதங்களில் உடல் எடை 5 சதவீதம் கூடியவர்களுக்கு மரண அபாயம் 61 சதவீதம் குறைவாக இருந்தது.

1956ல் சென்னையில் தொடங்கிய புகழ்பெற்ற ஆய்வு இங்கு நினைவுகூரத்தக்கது. சானடோரியத்தில் நல்ல உணவும் ஓய்வும் பெற்றவர்களைப் போலவே, வீட்டில் எளிய உணவுடன் மருந்து சாப்பிட்டவர்களும் குணமடைவதாக அது 1959ல் காட்டியது. ஆஸ்பத்திரிப் படுக்கைக்காக ஏழைகள் காத்திருக்கும் நிலை அதனால் மாறிற்று. ஆனால் மருந்து இருந்தால் போதும், உணவு பற்றிக் கவலை வேண்டாம் என்ற எண்ணமும் கூடவே வேரூன்றியது. நோயாளியைக் குணப்படுத்துவது மருந்துதான். ஆனால் அவர் வீட்டாரைக் காப்பது சோறும் பருப்பும் என்பது இப்போது தெளிவாகிவிட்டது.

நோயாளியின் ஊட்டச்சத்துக்கென 2018 முதல் மத்திய அரசு அளித்துவந்த மாதம் ரூ.500, 2024 நவம்பரிலிருந்து ரூ.1,000 ஆக உயர்த்தப்பட்டது. இது வரவேற்கத்தக்கதே. ஆயினும் குடும்பத்தாருக்கு உணவுப் பொருள் வழங்க 2024ல் செய்யப்பட்ட ஏற்பாடு, நன்கொடையாளர்களின் தயவை நம்பி அமைந்தது. கொடையாளி கிடைத்த வீட்டில் உலை கொதிக்கும்; கிடைக்காத வீட்டின் கதி என்ன? தொற்றுநோய்த் தடுப்பு அரசின் கடமையேயன்றித் தருமம் அல்ல.

தேசிய காசநோய் நிலையம் 1959ல் அமைந்த நகரம் பெங்களூர். கட்டட வேலை தேடி வந்து, ஓர் அறையில் நெருங்கி வாழும் குடும்பங்கள் இங்கு ஏராளம். தமிழ்நாட்டிலிருந்து வந்தோர் பலரின் ரேஷன் கார்டு சொந்த ஊர் முகவரியிலேயே உள்ளது. உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி கார்டு பெற்றவர், எந்த மாநிலத்திலும் தானியம் வாங்கும் வசதி 2022க்குள் நாடெங்கும் வந்துவிட்டது. இதைக் காசநோய்ப் பதிவுடன் இணைத்து, நோய் உறுதியானதுமே அந்தக் குடும்பத்துக்கு வழக்கமான ரேஷனுக்கு மேல் அரிசியும் பருப்பும் கிடைக்கச் செய்ய வேண்டும். கர்நாடக அரசு இதில் முன்கை எடுத்தால் மற்ற மாநிலங்களுக்கு வழிகாட்டியதாகும்.

நோய் முற்றி, மூச்சுத் திணறலோடு தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வருபவரைக் காப்பாற்றுவது எளிதன்று. அந்த நிலை வராமல் தடுக்கும் வழி ரேஷன் கடையில் இருக்கும்போது, அதைப் பயன்படுத்தத் தயங்குவது சரியல்ல.