போத்தல் வேறு, லீட்டர் வேறு



"ஆயிரம் மில்லிலீட்டர் ஒரு லீட்டர். புலமைப்பரிசிலுக்கு இதைப் பாடமாக்கினால் போதும்தானே சேர்?" என்று கேட்கும் பெற்றோருக்கு ஆசிரியர்களாகிய எங்கள் பதில்: போதாது. இந்தக் கணக்கு பரீட்சையோடு முடிவதில்லை. சந்தையிலும் அடுப்படியிலும், காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையின் தலைமாட்டிலும்தான் அதன் உண்மையான தேவை இருக்கிறது.

தேங்காய் எண்ணெயை எடுங்கள். நம் நாட்டில் ஒரு போத்தல் என்றால் 750 மில்லிலீட்டர். அதாவது முக்கால் லீட்டர். நான்கு போத்தல் சேர்ந்தால்தான் மூன்று லீட்டர். ஒரு கடையில் போத்தல் 900 ரூபா, பக்கத்துக் கடையில் லீட்டர் 1,140 ரூபா என்று வைத்துக்கொள்வோம். நம்மில் பலர் 900 ரூபாவுக்கே ஓடுவோம். ஆனால் 900ஐ மூன்றால் பிரித்து நான்கால் பெருக்கிப் பாருங்கள். லீட்டர் 1,200 ரூபா! மலிவு என்று வாங்கியது லீட்டருக்கு 60 ரூபா கூட. இதில் நட்டப்படுவது யார்? அன்றாடம் உழைத்து, அன்றாடம் வாங்கும் குடும்பம்தான்.

முதலாளிமாரே, விலைப் பலகையில் "போத்தல்" என்று மட்டும் எழுதாதீர்கள். எத்தனை மில்லிலீட்டர் என்பதையும் எழுதுங்கள். அளவில் குறைப்போரை எச்சரித்துத் தொடங்கும் முதஃப்பிஃபீன் அத்தியாயம் நமக்கும்தான் இறங்கியது. அளவை மறைத்து வைப்பது நேர்மையான வியாபாரிக்கு அழகல்ல.

எண்ணெயில் போவது காசு. மருந்தில் பிழைத்தால் உயிருக்கே ஆபத்து. பிள்ளைகளுக்கான பரசிட்டமோல் பாணியில் வழக்கமாக 5 மில்லிலீட்டருக்கு 120 மில்லிகிராம் மருந்து இருக்கும். தேக்கரண்டி 5 மில்லிலீட்டர், மேசைக்கரண்டி 15 மில்லிலீட்டர். கரண்டி மாறினால் மருந்து மூன்று மடங்கு. அளவு மீறினால் ஈரலைக் கெடுக்கும் மருந்து அது. வீட்டுக் கரண்டிகளோ ஒன்றைப் போல் ஒன்று இல்லை. "கரண்டியில ஒண்டு" என்று சொல்லிக் கொடுக்கும் பழக்கத்தை விடுவோம். கோடு போட்ட மருந்துக் கிண்ணத்தை பார்மசியில் கேட்டு வாங்குவோம். மில்லிகிராம் மருந்தின் நிறை, மில்லிலீட்டர் பாணியின் அளவு. இரண்டையும் குழப்ப வேண்டாம்.

பெற்றோரே, பிள்ளையிடம் வாய்ப்பாடு கேட்பதோடு நிறுத்தாதீர்கள். வெற்றுப் போத்தலையும் தண்ணீரையும் கொடுத்து அளக்கச் சொல்லுங்கள். கடைக்கும் கூட்டிப் போய் விலையை ஒப்பிடச் சொல்லுங்கள். புள்ளி எடுத்த பிள்ளை கடையில் ஏமாறுமானால், அந்தப் புள்ளியால் யாருக்கு என்ன பயன்?